கூட்டாளிகளின் கணினி விளையாட்டு நம் வீட்டிலேயே நடக்கட்டும்: பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

பள்ளி விடுமுறை நெருங்கினால், பதின்ம வயதுப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இப்படி ஒரு கேள்வி எழும். "அம்மா, சனிக்கிழமை கூட்டாளிங்க ஆறு பேரு கம்ப்யூட்டரைத் தூக்கிக்கிட்டு நம்ம வீட்டுக்கு வரலாமா?" பெரும்பாலான வீடுகளில் கிடைக்கும் பதில், "வேணாம், வேணாம். கரண்டு பில்லை யாரு கட்டுறது?" என்பதுதான்.

பதிலைக் கேட்ட பிள்ளை ஆசையை விட்டுவிடுவதில்லை. வேறொரு வீட்டைத் தேடும். இல்லாவிட்டால் இரவு முழுக்க அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, முகம் தெரியாத யாருடனோ கைப்பேசியில் விளையாடும். வீட்டில் என்ன நடக்கிறது என்று பெற்றோருக்குத் தெரியும். வெளியே நடப்பது தெரியாது. ஆகவே, கூட்டாளிகள் சேர்ந்து விளையாடுவது நம் வீட்டுக் கூடத்தில் நடப்பதே நல்லது. அதற்கு மின்சாரம், இணைப்பு, நேரம், வீடு திரும்பும் பயணம் ஆகிய நான்கையும் பெரியவர்கள் முன்கூட்டியே கவனிக்க வேண்டும். எப்படி என்று பார்ப்போம்.

லேன் பார்ட்டி என்றால் என்ன?

பிள்ளைகள் இதை 'லேன் பார்ட்டி' என்பார்கள். ஒரே வீட்டில் உள்ள கணினிகளைக் கம்பி மூலமோ வைஃபை மூலமோ ஒன்றோடொன்று இணைப்பதற்குப் பெயர்தான் லேன். உள்வலை என்று சொல்லலாம். அந்த வலைக்குள் இருப்பவர்கள் ஒரே ஆட்டத்தில் எதிரெதிர் அணிகளாகச் சேர்ந்து விளையாடுவார்கள்.

இது இன்று நேற்று தோன்றிய பழக்கம் அல்ல. அமெரிக்காவின் இட் சாஃப்ட்வேர் நிறுவனம் 1993 டிசம்பரில் 'டூம்' என்ற விளையாட்டை வெளியிட்டது. கணினிகளை இணைத்து நான்கு பேர் வரை அதை விளையாட முடிந்தது. பல நாடுகளிலும் இளைஞர்கள் கணினிகளைச் சுமந்துகொண்டு ஓரிடத்தில் கூடத் தொடங்கினார்கள். சுவீடனில் மாலுங் என்ற சிற்றூரின் பள்ளிக்கூடத்தில் நண்பர்கள் சிலர் இப்படிக் கூடினார்கள். 1994இல் அந்தப் பள்ளியின் உணவுக்கூடத்தில் 'டிரீம்ஹேக்' என்ற பெயரில் அவர்கள் நடத்திய கூட்டம், பிற்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடும் உலகப் புகழ்பெற்ற விழாவாக வளர்ந்தது.

நம் நாட்டில் இந்தப் பழக்கம் இணைய மையங்கள் வழியாக வந்தது. 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் பட்டணத்துக் கடைவீதிகளில் 'சைபர் கஃபே' திறந்தபோது, பையன்கள் மணிக்கணக்கில் காசு கட்டி கவுண்டர் ஸ்டிரைக்கும் டோட்டாவும் விளையாடினார்கள். அப்படி விளையாடி வளர்ந்த தலைமுறையிலிருந்து உலக மேடைக்குப் போனவர்களும் உண்டு. 2013இல் அமெரிக்காவின் சியாட்டல் நகரில் நடந்த டோட்டா 2 உலகப் போட்டியில் மலேசியாவின் ஆரஞ்சு அணி மூன்றாம் இடம் பிடித்தது. 2019இல் பிலிப்பைன்ஸ் சீ விளையாட்டுப் போட்டியில் மின்விளையாட்டுக்குப் பதக்கங்கள் வழங்கப்பட்டன. 2024 ஜூலையில் ரியாத்தில் நடந்த மொபைல் லெஜண்ட்ஸ் போட்டியில் செலாங்கூர் ரெட் ஜயன்ட்ஸ் அணி கிண்ணத்தை வென்றது.

இதைச் சொல்வது, பிள்ளைகள் படிப்பை விட்டுவிட்டு இதில் இறங்க வேண்டும் என்பதற்காக அல்ல. பல்லாயிரம் பேர் விளையாடும் இடத்தில் சம்பளம் வாங்கும் அளவுக்கு உயர்பவர்கள் மிகச் சிலரே. ஆனால், 'உருப்படாதவன் செய்யும் வேலை' என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடக்கூடிய விஷயமும் இல்லை.

பினாங்குக்கும் கணினிக்கும் உள்ள உறவு பழையது. இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை 1972இல் இங்கேதான் திறந்தது. பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரத்துத் தொழிற்சாலைப் பேருந்துகளில் ஏறிப்போய், ஷிப்டு வேலை பார்த்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்த தாய்மார்கள் நம்மில் பலர். கணினியின் உள்ளே இருக்கும் பொருளைச் செய்த கைகளுக்கு, அதைப் பிள்ளைகள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று தெரிந்துகொள்வது பெரிய காரியம் இல்லை.

ஏன் வீட்டில்?

இணைய மையங்கள் இப்போது குறைந்துவிட்டன. 'சைபர் கஃபே' என்ற பெயர்ப்பலகைக்குப் பின்னால் இணையச் சூதாட்டம் நடந்த இடங்களைக் காவல் துறை சோதனையிட்ட செய்திகளை நாம் நாளிதழ்களில் அடிக்கடி படித்திருக்கிறோம். பிள்ளை எந்தக் கடைக்குப் போகிறான் என்ற கவலை நியாயமானதுதான்.

மற்றொரு காரணமும் உண்டு. 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது, பிள்ளைகள் ஆளுக்கொரு மூலையில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு விளையாடப் பழகினார்கள். கட்டுப்பாடு போய்விட்டது, அந்தப் பழக்கம் போகவில்லை. ஒரே தாமானில் அடுத்தடுத்த தெருவில் இருக்கும் இரண்டு கூட்டாளிகள் திரை வழியாக மட்டும் பேசிக்கொள்கிறார்கள். அவர்களை ஒரே கூடத்தில் உட்கார வைத்தால், தோற்றவனைக் கிண்டல் செய்வதும், வென்றவனைத் தூக்குவதும், சாப்பிடும்போது கதை பேசுவதும் நேருக்கு நேர் நடக்கும். பிள்ளையின் கூட்டாளிகள் யார், எப்படிப் பேசுகிறார்கள் என்று பெற்றோரும் தெரிந்துகொள்ளலாம்.

முதலில் மின்சாரம்

விளையாட்டுக் கூட்டத்தில் உண்மையான ஆபத்து திரைக்குள் இல்லை, சுவரில் உள்ள பிளக்கில் இருக்கிறது. கணக்கு எளிது. நம் வீட்டு மூன்று கால் பிளக் 13 ஆம்பியர் தாங்கும். மின்னழுத்தம் 230 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய 3000 வாட் வரும். ஒரு சுவர் பிளக்கிலிருந்து எக்ஸ்டென்ஷன் போட்டு எத்தனை சாமான்களை மாட்டினாலும், எல்லாம் சேர்ந்து இந்த எல்லையைத் தாண்டக்கூடாது.

விளையாட்டுக்கென்று கட்டிய மேசைக் கணினி ஒன்று, திரையோடு சேர்த்து, விளையாடும்போது 300 முதல் 500 வாட் வரை இழுக்கும். விளையாட்டு மடிக்கணினி 150 முதல் 230 வாட். பிளேஸ்டேஷன் 5 ஏறக்குறைய 200 வாட். கைப்பேசிச் சார்ஜர் மிகக் குறைவு. ஆக, நான்கு மேசைக் கணினிகள் ஒரு பிளக்கில் 2000 வாட் வரை எடுக்கும். அதே எக்ஸ்டென்ஷனில் யாராவது மைலோ கலக்குவதற்காக மின்கெண்டியை மாட்டினால், அது மட்டுமே 2000 வாட்டுக்கு மேல் இழுக்கும். மொத்தம் 4000 வாட்டைத் தாண்டிவிடும். வயர் சூடாகி, பிளாஸ்டிக் உருகும் வாடை வருவது இப்படித்தான். ஆகவே ஒரு சுவர் பிளக்குக்கு நான்கு மேசைக் கணினிகள்தான் உச்ச வரம்பு. மின்கெண்டி, அரிசிக் குக்கர், இஸ்திரிப் பெட்டி எல்லாம் சமையலறையிலேயே இருக்கட்டும்.

இன்னொரு விஷயம். சுவரில் நான்கு பிளக் தனித்தனியாக இருந்தாலும், அவை ஒரே வயரில் தொடர்ந்து வரலாம். மெயின் சுவிட்ச் பெட்டியில் உள்ள சிறு சுவிட்சுகளை எம்.சி.பி. என்பார்கள். பகலில் அவற்றை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால், எந்த எம்.சி.பி. எந்தெந்த பிளக்குகளுக்கு உரியது என்று தெரிந்துவிடும். அதன் மீது எழுதியிருக்கும் எண்தான் அதன் ஆம்பியர் எல்லை. 20 என்று எழுதியிருந்தால், அந்த வரிசையில் உள்ள எல்லா பிளக்குகளும் சேர்ந்து 4600 வாட்டுக்குள் இருக்க வேண்டும். எட்டுக் கணினிகள் வருவதானால், நான்கைக் கூடத்து வரிசையிலும் நான்கை அறையின் வரிசையிலும் பிரித்து மாட்டுங்கள்.

எக்ஸ்டென்ஷன் வாங்கும்போது சிரிம் முத்திரை உள்ளதையே வாங்குங்கள். ஓர் எக்ஸ்டென்ஷனின் வாலில் இன்னோர் எக்ஸ்டென்ஷனை மாட்டக்கூடாது. உருளையில் சுற்றி வைத்த நீள வயரை முழுவதும் பிரித்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும், சுற்றிய நிலையில் அது சூடேறும். வயரைப் பாய்க்கும் கம்பளத்துக்கும் அடியில் ஓட விடாதீர்கள். ஒரு மணி நேரம் கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் சுமையைக் குறைக்க வேண்டும். எம்.சி.பி. தானாக விழுந்தால், திரும்பத் திரும்பத் தூக்கிவிட்டு விளையாடக்கூடாது. 'போதும்' என்று வீடு சொல்கிறது என்றே பொருள்.

ஜோர்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளிலும் தோட்டத்து லயங்களிலும் வயரிங் பல பத்தாண்டுகள் பழையதாக இருக்கலாம். அப்படிப்பட்ட வீட்டில் மேசைக் கணினிகளை வைத்துக் கூட்டம் நடத்த வேண்டாம். நடத்தியே ஆக வேண்டும் என்றால், எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற மின்பணியாளரை அழைத்துக் காட்டிவிட்டு நடத்துங்கள்.

சரி, மின்கட்டணம்? எட்டுக் கணினிகள், ஒவ்வொன்றும் சராசரி 300 வாட், ஆறு மணி நேரம் என்று கொண்டால் 14.4 யூனிட் ஆகும். ஒரு யூனிட்டுக்கு அரை ரிங்கிட் என்று வைத்தாலும் ஏழு ரிங்கிட்டுக்கு மேல் சற்றுதான் வரும். ஆளுக்கு ஒரு ரிங்கிட் கூட இல்லை. குளிர்சாதனத்தையும் சேர்த்து ஆளுக்கு இரண்டு ரிங்கிட் என்று பிள்ளைகளிடமே வாங்கி வைத்தால் அந்தச் சண்டையும் தீர்ந்தது.

வெப்பமும் மின்னலும்

கணினி இழுக்கும் மின்சாரம் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. எட்டுக் கணினிகள் 2400 வாட், எட்டுப் பிள்ளைகளின் உடல்சூடு ஆளுக்கு 100 வாட் என்று 800. மொத்தம் 3200 வாட். ஒரு குதிரைத்திறன் குளிர்சாதனம் இதை வெளியேற்றத் திணறும். சின்ன அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் பிள்ளைகளுக்குத் தலைவலிதான் மிஞ்சும். கூடத்தில் சன்னல்களைத் திறந்து, காற்றாடியைப் போட்டு, கணினியின் பின்பக்கம் சுவரை ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி விட்டு வையுங்கள். பெரியவர்கள் போக வர ஒரு கண் பார்க்கவும் கூடம்தான் வசதி.

உலகில் மின்னல் அதிகம் விழும் நாடுகளில் மலேசியாவும் ஒன்று. மாலையில் இடி இடிக்கத் தொடங்கினால் ஆட்டத்தை நிறுத்தி, பிளக்குகளைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. வெளியிலிருந்து வரும் தொலைபேசிக் கம்பி இருந்தால் அதையும் கழற்ற வேண்டும். மற்றவர் வீட்டுப் பிள்ளையின் 4000 ரிங்கிட் கணினி நம் வீட்டில் கருகினால் உறவே கெட்டுப்போகும்.

இணைப்புக்கு இணையமே வேண்டாம்

பலர் நினைப்பதற்கு மாறாக, உள்வலை விளையாட்டுக்கு வேகமான இணையம் தேவையில்லை. கணினிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதால், வெளி இணைப்பே இல்லாவிட்டாலும் விளையாடக்கூடிய ஆட்டங்கள் உண்டு. இணையம் சரியாக எட்டாத தோட்டங்களுக்கு இது நல்ல செய்தி.

வீட்டு ரௌட்டரின் பின்னால் பொதுவாக நான்கு கம்பித் துளைகள் இருக்கும். நான்கு பேர் என்றால் அதுவே போதும். அதற்கு மேல் என்றால் எட்டுத் துளை உள்ள 'ஸ்விட்ச்' பெட்டி ஒன்று வாங்க வேண்டும். நூறு ரிங்கிட்டுக்குள் கிடைக்கும். கூட்டாளிகள் பங்கு போட்டு வாங்கி வைத்துக்கொண்டால் ஒவ்வொரு விடுமுறைக்கும் உதவும். கம்பியில் 'கேட் 5ஈ' அல்லது 'கேட் 6' என்று அச்சிட்டிருக்க வேண்டும். இந்தக் கம்பி 100 மீட்டர் வரை வேலை செய்யும். கூடத்துக்கு ஐந்து மீட்டர், பத்து மீட்டர் போதும்.

வைஃபையில் விளையாட முடியாதா? முடியும். ஆனால் எட்டுப் பேர் ஒரே அலைவரிசையில் நெருக்கும்போது ஆட்டம் திக்கித் திக்கி நகரும். கம்பியில் தாமதம் ஒரு மில்லி வினாடிக்குள் அடங்கும். கம்பி போடும்போது ஆட்கள் நடக்கும் வழியைத் தவிர்த்துச் சுவரோரமாக ஓட்டி, டேப் ஒட்டுங்கள். பாட்டியோ தாத்தாவோ இரவில் எழுந்து வரும்போது கால் இடறக்கூடாது.

எல்லாம் மாட்டியும் ஒரு கணினிக்கு இன்னொன்று தெரியவில்லை என்றால், பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்று. விண்டோஸ் அந்த இணைப்பைப் 'பப்ளிக்' என்று எடுத்துக்கொண்டிருக்கும், அதைப் 'பிரைவேட்' என்று மாற்ற வேண்டும். அல்லது சிலர் 'கெஸ்ட்' வைஃபையில் சேர்ந்திருப்பார்கள். விருந்தினருக்கான அந்த வைஃபை, பாதுகாப்புக்காக ஒரு கருவியை இன்னொன்று பார்க்க முடியாமல் தடுக்கும். எல்லோரையும் முதன்மை வைஃபையில் சேர்த்துவிட்டு, மறுநாள் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்.

பதிவிறக்கம் முதல் நாளே முடியட்டும்

கூட்டம் கெட்டுப்போவதற்கு அதிகம் காரணமாவது இதுதான். இன்றைய பெரிய ஆட்டம் ஒன்று 50 கிகாபைட் அல்லது அதற்கு மேல் இருக்கும். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் அதை முழு வேகத்தில் இறக்கினாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எட்டுப் பேரும் வந்து உட்கார்ந்த பிறகு ஒரே இணைப்பில் இறக்கத் தொடங்கினால் ஏறக்குறைய ஒன்பது மணி நேரம். சனிக்கிழமை அதிலேயே போய்விடும்.

ஆகவே எந்த ஆட்டம் என்று முன்கூட்டியே முடிவு செய்து, அவரவர் வீட்டிலேயே இறக்கி, புதுப்பிப்புகளையும் முடித்துவிட்டு வரச் சொல்லுங்கள். ஸ்டீம் வழியாக வாங்கிய ஆட்டம் என்றால், 2023 முதல் இன்னொரு வசதியும் உண்டு. ஒரு கணினியில் இருக்கும் ஆட்டத்தை மற்றொரு கணினி இணையத்துக்குப் போகாமல் உள்வலை வழியாகவே எடுத்துக்கொள்ளலாம். வேகமான கம்பியில் அது சில நிமிட வேலை.

'கிராக்' செய்த திருட்டுப் பிரதியைப் பென்டிரைவில் கொண்டுவரும் கூட்டாளி எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் இருப்பார். அதை மாட்ட விடாதீர்கள். அதோடு வைரஸ் வந்தால் எட்டுக் கணினிக்கும் பரவும். அவற்றில் ஒன்றில் அப்பாவின் வங்கிக் கணக்கு விவரமும் இருக்கலாம்.

கணினி இல்லாத வீடுகளில்

'இதெல்லாம் வசதி உள்ளவர்களுக்கு' என்று நிபோங் தெபால் பக்கத்துத் தோட்டத்திலோ, பாடாங் தெம்பாக் அடுக்குமாடியிலோ இருப்பவர்கள் நினைக்கலாம். அப்படி இல்லை. ஒரு தொலைக்காட்சி, யாராவது ஒருவரிடம் உள்ள ஒரு பிளேஸ்டேஷன், இரண்டு கைப்பிடிகள் இருந்தால் போதும், பத்துப் பேர் கூடி ஒரு கால்பந்துப் போட்டித்தொடரே நடத்தலாம். அட்டையில் அட்டவணை எழுதி ஒட்டி, தோற்றவர் எழுந்து அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். மொத்த மின்சாரம் 400 வாட்டுக்குள் அடங்கும். முறைக்குக் காத்திருப்பவர்களுக்குப் பக்கத்தில் ஒரு கேரம் பலகையைப் போட்டுவிடுங்கள்.

கைப்பேசி மட்டும் இருந்தாலும் சரி. 'அமங் அஸ்', 'மினி மிலிஷியா' போன்றவற்றை ஒரே வைஃபையில் இருப்பவர்கள் சேர்ந்து விளையாடலாம். வைஃபை இல்லையென்றால் ஒருவர் தம் கைப்பேசியில் 'ஹாட்ஸ்பாட்' திறந்து, மற்றவர்கள் அதில் சேரலாம். மின்கிராஃப்ட்டையும் இப்படி உள்வலையில் சேர்ந்து விளையாட முடியும். பழைய கணினி இருக்கிறதா? 1999இல் வந்த 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' அதில் நன்றாக ஓடும், எட்டுப் பேர் வரை சேரலாம். மொபைல் லெஜண்ட்ஸ், பப்ஜி, ஃப்ரீ ஃபயர் போன்றவற்றுக்கு மட்டும் வெளி இணையம் வேண்டும் என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த ஆட்டம், யாருடைய காசு?

ஆட்டத்தின் பெட்டியிலும் விற்பனைப் பக்கத்திலும் வயது எண் போட்டிருக்கும். ஐரோப்பிய தர அளவில் கால்பந்து விளையாட்டான 'இஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி' மூன்று வயதுக்கு மேல், மின்கிராஃப்ட் ஏழு, 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5' பதினெட்டு. பதின்மூன்று வயதுத் தம்பி கூடத்தில் இருக்கிறான் என்றால், பதினெட்டு என்று போட்டிருப்பது அன்றைக்கு வேண்டாம். வரும் பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஆட்டத்தின் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

காசு வைத்து ஆடுவது கூடவே கூடாது. 'ஆளுக்குப் பத்து ரிங்கிட், ஜெயிச்சவனுக்கு எல்லாம்' என்று விளையாட்டாகத் தொடங்குவது எங்கே போய் முடியும் என்று நம் சமூகத்துக்குச் சொல்லத் தேவையில்லை. வென்றவருக்கு ஒரு கிண்ணம் போதும், அல்லது தோற்ற அணி பாத்திரம் கழுவட்டும்.

ஆட்டத்துக்குள் 'ஸ்கின்', 'டயமண்ட்' வாங்கத் தூண்டும் கடைகளும் உண்டு. பிள்ளையின் கைப்பேசியில் உங்கள் வங்கி அட்டையைப் பதிவு செய்து வைத்திருந்தால் அன்றைக்கு முன்பே எடுத்துவிடுங்கள். எல்லோரும் ஒரே கூடத்தில் இருப்பதால் ஆட்டத்துக்குள் இருக்கும் குரல்வழிப் பேச்சை அணைத்துவிடலாம். வெளியாட்கள் பேசவும் பழகவும் வழி இருக்காது. வீட்டில் நடக்கும் கூட்டத்தின் பெரிய நன்மைகளில் இது ஒன்று.

பெண் பிள்ளைகளும் விளையாடுகிறார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். பெரும்பாலும் அவர்கள் தங்கள் பெயரை மறைத்துக்கொண்டுதான் இணையத்தில் ஆடுகிறார்கள், குரல் கேட்டால் ஏச்சு வரும் என்பதால். மகளின் தோழிகளையும் அழையுங்கள். அம்மா வீட்டில் இருக்கிறார் என்று தெரிந்தால் அவர்கள் வீட்டிலும் அனுமதி கிடைக்கும். கூடத்தில் கெட்ட வார்த்தையும் தானாகக் குறையும்.

நாளும் நேரமும்

பினாங்கில் சனி, ஞாயிறு விடுமுறை. கூலிமிலிருந்து கூட்டாளி வருகிறான் என்றால், கெடாவில் வெள்ளி, சனிதான் விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை காலை அவனுக்குப் பள்ளி. ஆகவே சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குத் தொடங்கி, இரவு எட்டு மணிக்கு முடிப்பது எல்லோருக்கும் ஒத்துவரும். எஸ்.பி.எம். போன்ற தேர்வுக்கு முந்தைய வாரங்களில் வேண்டாம். ஐம்பது நிமிட ஆட்டத்துக்குப் பிறகு பத்து நிமிடம் எழுந்து நடப்பது கண்ணுக்கும் முதுகுக்கும் நல்லது.

மேசைக் கணினியை மோட்டார் சைக்கிளில் மடியில் வைத்துக்கொண்டு பாலத்தைக் கடக்கும் துணிச்சல் யாருக்கும் வரக்கூடாது. 1985இல் திறந்த முதல் பாலமானாலும் 2014இல் திறந்த இரண்டாம் பாலமானாலும் கடல்காற்று பலமாக அடிக்கும். காரில் பின் இருக்கையில் படுக்க வைத்து, போர்வை சுற்றி, இருக்கைப் பட்டி மாட்டிக் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு வயரிலும் டேப்பில் பெயர் எழுதி ஒட்டினால், திரும்பிப் போகும்போது 'இது என்னோடது' என்ற சண்டை வராது.

வீடு திரும்பும் பயணம்தான் இந்தக் கட்டுரையில் மிக முக்கியமானது. நம் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். அதிகாலை இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தோடு நான்கு பையன்கள் இரண்டு மோட்டாரில் கிளம்புவதற்கு எந்த வீட்டுக்காரரும் கதவைத் திறந்துவிடக்கூடாது. இரவு பத்து மணிக்குள் பெற்றோர் வந்து அழைத்துப் போக வேண்டும், அல்லது பாய் விரித்துப் படுத்துவிட்டுக் காலையில் போக வேண்டும். மூன்றாவது வழி இல்லை என்று அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு பிள்ளையின் பெற்றோரிடமும் தொலைபேசியில் ஒருமுறை பேசி, எண்களை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

சாப்பாடும் அண்டை வீட்டாரும்

எண்ணெய் ஒட்டிய விரலோடு விசைப்பலகையைத் தொட்டால் அடுத்த வாரம் எழுத்துகள் சிக்கும். சாப்பாட்டை மேசைக்குக் கொண்டுவராமல், நேரம் வைத்து எல்லோரையும் எழுப்பித் தனி இடத்தில் உட்கார வையுங்கள். பாயோ வாழையிலையோ போதும். மலாய் நண்பர்கள் வருவதானால் ஹலால் கடையில் வாங்கிய மீ கோரேங், நாசி லெமாக் பொட்டலம் பொருத்தமானது. சைவக் கூட்டாளிகளுக்குத் தோசை, வடை, பயிற்றங்கஞ்சி. வீட்டுக்கு வீடு ஒரு பலகாரம் என்று பிரித்துக்கொண்டால் ஒருவர் மீது செலவு விழாது. உற்சாக பானங்களைத் தவிர்த்துத் தண்ணீர் நிறைய வையுங்கள். மூடியுள்ள புட்டியில் வைத்தால் கணினி மேல் கொட்டாது.

ஹெட்போன் மாட்டினால் சத்தம் குறையும் என்று நினைப்போம். உண்மையில், தன் குரல் தனக்கே கேட்காததால் பிள்ளைகள் இன்னும் உரக்கக் கத்துவார்கள். அடுக்குமாடியில் மேலும் கீழும் குடும்பங்கள் உண்டு. முதல் நாளே பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, செய்யும் பலகாரத்தில் ஒரு தட்டு கொடுத்துவிடுங்கள். மலாய் அண்டை வீட்டாரின் மஃரிப் தொழுகை நேரத்தைச் சாப்பாட்டு இடைவேளையாக வைத்துக்கொண்டால் இரண்டு வேலையும் ஒன்றாக முடியும்.

இது அடிமைத்தனம் ஆகாதா?

இந்தக் கேள்வி நியாயமானது. உலகச் சுகாதார அமைப்பு தன் நோய்ப் பட்டியலில் விளையாட்டு அடிமைத்தனத்தை 2019இல் சேர்த்தது. 2022 முதல் அந்தப் பட்டியல் நடப்பில் உள்ளது. நிறைய நேரம் விளையாடுகிறான் என்பதை மட்டும் வைத்து அது நோய் என்று சொல்லவில்லை. விளையாட்டை நிறுத்த முடியாமை, படிப்பையும் குடும்பத்தையும்விட அதை முன்னால் வைப்பது, கெடுதல் வருவது தெரிந்தும் தொடர்வது ஆகியவை பொதுவாகப் பன்னிரண்டு மாதமாவது நீடித்து, வாழ்க்கையே பாதிக்கப்பட்டால்தான் அப்படிக் கருதப்படுகிறது. உங்கள் பிள்ளையிடம் இந்த அடையாளங்கள் இருந்தால் கூட்டம் நடத்துவதை ஒத்திவைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

மற்றப் பிள்ளைகளுக்கு, நாள் குறித்து, ஆள் குறித்து, முடியும் நேரம் குறித்து நடக்கும் விளையாட்டு நல்ல பயிற்சியாகவே அமையும். எட்டு மணிக்கு முடியும் என்று சொல்லி எட்டு மணிக்கு எழுந்திருக்கப் பழகிய பிள்ளை, தனியாக இருக்கும்போதும் எழுந்திருக்கக் கற்றுக்கொள்ளும். பட்டியல் போடுவது, மின்சுமையைக் கணக்கிடுவது, கம்பி இழுப்பது, செலவைப் பங்கு பிரிப்பது எல்லாவற்றையும் பிள்ளைகளிடமே ஒப்படையுங்கள். பெரியவர்கள் சரிபார்த்தால் போதும். கணினி வலையமைப்பு, மின்பணி போன்ற வேலைகளின் அரிச்சுவடி இதில்தான் இருக்கிறது.

முதல் முறை நான்கு பேரோடு, ஒரு பகல் மட்டும் நடத்திப் பாருங்கள். அடுத்த விடுமுறையில் இன்னொரு வீட்டுக்காரர் முறை. இரண்டு மூன்று குடும்பங்கள் இப்படிப் பேசி வைத்துக்கொண்டால், பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று எந்தப் பெற்றோரும் தேடி அலைய வேண்டியிருக்காது.